அனுப்பப்பட்டவரும் சென்றவரும்



சென்ற திங்களில் நம் சங்க வாசகசாலையில் என்னைக் கண்ட பெரியவர் ஒருவர், "கிரிக்கெட் இருக்கிறது, சடுகுடு இருக்கிறது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு அமெரிக்கர்களின் பேஸ்பாலைப் பற்றி ஏன் ஐயா ஓயாமல் பேசுகிறீர்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அங்கே இரவு விளக்கொளியில் ஆட்டம் தொடங்கும் வேளையில் இங்கே கீழ்வானம் வெளுக்கிறது; வீட்டார் காப்பி கலக்கும் நேரத்தில் நான் ஆட்டத்தின் முன் அமர்ந்திருக்கிறேன். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என்னை அவ்வாட்டத்தோடு பிணைத்தவை பந்தும் மட்டையும் மட்டும் அல்ல. ஆட்டமே நடவாத பனிக்காலத்திலும் அந்நாட்டு ரசிகர்கள் இரண்டு பொருள்களைப் பற்றி வழக்காடிக்கொண்டே இருப்பார்கள். எந்தக் குழு எந்த ஆட்டக்காரரை யாருக்கு மாற்றாகக் கொடுத்தது என்பது ஒன்று. ஆண்டின் பரிசு எவருக்கு உரியது என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே கேள்வியின் இரு முகங்கள் என்பது என் கருத்து. ஒரு மனிதனின் மதிப்பை நிர்ணயிப்பவர் யார் என்பதே அக்கேள்வி.

முதலில் மாற்றத்தைப் பார்ப்போம். அங்கே ஒரு குழு தன்னிடமுள்ள ஆட்டக்காரரை இன்னொரு குழுவுக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக வேறு ஆட்டக்காரரைப் பெறுவது நெடுநாள் வழக்கம். பணம் கைமாறுவதும் உண்டு. பாஸ்டன் ரெட் சாக்ஸ் குழு 1919-ஆம் ஆண்டின் இறுதியில் பேப் ரூத் என்னும் மாவீரரை நியூயார்க் யாங்கீஸ் குழுவுக்கு 1 லட்சம் டாலருக்கு விற்றது. 1918-இல் வெற்றிக்கொடி நாட்டிய பாஸ்டன், அதன்பின் 2004-இல்தான் மீண்டும் உலகத் தொடரை வென்றது. இடைப்பட்ட 86 ஆண்டுகளையும் ரூத்தின் சாபம் என்றே ரசிகர்கள் சொல்லி வந்தார்கள். எனக்குச் சாபத்தில் நம்பிக்கையில்லை. மனிதனைக் கணக்குப் புத்தகத்தின் ஒரு வரியாக மட்டும் கண்டவர்கள் கணக்கிலும் தவறினார்கள், அவ்வளவே.

மாற்றம் நிகழ்ந்த அன்றே இலாப நட்டம் கூறுவது பேதைமை. 1964 ஜூன் 15 அன்று சிக்காகோ கப்ஸ் குழு லூ பிராக் என்னும் இளைஞரைச் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் குழுவுக்குக் கொடுத்து, எர்னி புரோக்லியோ என்னும் பந்தெறிவாளரைப் பெற்றது. முந்திய ஆண்டில் 18 வெற்றிகள் ஈட்டியவர் அவர். ஆதாயம் சிக்காகோவுக்கே என்று அன்று பலர் கருதினார்கள். நடந்தது என்ன? புரோக்லியோ சிக்காகோவுக்காக ஈட்டியவை மொத்தம் 7 வெற்றிகளே. பிராக் வந்த ஆண்டிலேயே செயின்ட் லூயிஸ் உலகத் தொடரை வென்றது. எதிரி கண்ணிமைக்கும் நேரத்தில் அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவதை அங்கே தளத்தைத் 'திருடுதல்' என்பார்கள். அவ்வாறு பிராக் தம் வாழ்நாளில் திருடிய தளங்கள் 938.

அடுத்த ஆண்டே இதனினும் பெரிய பிழை ஒன்று நிகழ்ந்தது. சின்சினாட்டி குழுவின் பிராங்க் ராபின்சன் 1961-இல் தேசிய லீகின் 'மிக மதிப்பு வாய்ந்த ஆட்டக்காரர்' என்ற பரிசைப் பெற்றவர். வயது முப்பதாகிவிட்டது, இனி இறங்குமுகந்தான் என்று எண்ணிய குழுவினர் 1965 டிசம்பரில் அவரைப் பால்டிமோருக்கு அனுப்பிவிட்டார்கள். மறு ஆண்டில் அவர் 49 ஹோம் ரன்கள் அடித்தார். அடி சராசரி, ஹோம் ரன், சேர்த்துத் தந்த ஓட்டம் ஆகிய மூன்றிலும் அமெரிக்க லீகில் முதலிடம் அவருக்கே. அந்த லீகின் உயர் பரிசும் கிடைத்தது. பால்டிமோர் உலகத் தொடரையும் வென்றது. முப்பது வயதில் முதுமை கண்டவர்களின் கண்களைத்தான் குறைகூற வேண்டும்.

இனிப் பரிசுகளுக்கு வருவோம். இவற்றை வழங்குவோர் பத்திரிகையாளர்கள். எழுத்தாளர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறை 1931-இல் தொடங்கியது. பேனா பிடித்தவன் என்ற முறையில் எனக்கு அவர்கள் இனத்தார். ஆயினும் உண்மையை மறைப்பதற்கில்லை. 1947-இல் பாஸ்டனின் டெட் வில்லியம்ஸ் மேற்சொன்ன மூன்று துறைகளிலும் முதலிடம் பெற்றார். பரிசோ நியூயார்க்கின் ஜோ டிமாஜியோவுக்குப் போயிற்று. வேறுபாடு ஒரே ஒரு புள்ளி: 202-க்கு 201. டிமாஜியோவின் குழு முதலிடத்தில் நின்றது. வில்லியம்ஸ் பத்திரிகையாளர்களிடம் இன்முகம் காட்டாதவர். குழுவின் வெற்றியையும் மனிதரின் சுபாவத்தையும் சேர்த்து நிறுத்த தராசு அது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் எழுதுவோரும் திருந்துவதுண்டு. பந்தெறிவாளர்களுக்கு உரிய சை யங் பரிசு 2010-இல் சியாட்டிலின் பெலிக்ஸ் ஹெர்னாண்டசுக்குக் கிடைத்தது. அவர் வென்றவை 13, தோற்றவை 12. பழைய கணக்குப்படி அவர் பெயரை எவரும் எடுத்தே இருக்கமாட்டார்கள். ஆனால் ஒன்பது சுற்றுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டம் சராசரி 2.27 மட்டுமே. அவருடைய குழுவினர் ஓட்டம் சேர்க்காதது அவர் குற்றமா? 2018-இல் நியூயார்க் மெட்ஸ் குழுவின் ஜேக்கப் டிகிராம் 10 வெற்றிகளோடும் 1.70 என்ற சராசரியோடும் அதே பரிசைப் பெற்றார். தன் உழைப்பு வேறு, தன்னைச் சூழ்ந்தவரின் விதி வேறு என்று பிரித்துக் காணும் நியாயம் அங்கே மெல்ல மெல்ல வேரூன்றியது.

இவ்வளவும் சொன்ன பின் ஒன்று கேட்கிறேன். விற்றவரைப் பேசினோம், வாங்கியவரைப் பேசினோம், வாக்களித்தவரையும் பேசினோம். மாற்றப்பட்டவரை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

மாற்றல் என்ற சொல்லின் கனம் நம் இல்லங்களுக்குத் தெரியும். என் தகப்பனார் இருப்புப்பாதை உத்தியோகத்தில் இருந்தவர். ஒரு காகிதம் வரும். பத்தே நாளில் பாத்திரங்கள் சாக்கில் ஏறும். எங்கள் பள்ளிக்கூடம் மாறும். பக்கத்து வீட்டாரின் மொழியும் மாறும். அந்தக் காகிதத்தில் 'சம்மதமா?' என்று ஒரு வரி இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் என் தகப்பனாருக்கு உத்தியோகத்தை விட்டு வேறிடம் தேடிக்கொள்ளும் உரிமையாவது இருந்தது. பேஸ்பால் ஆட்டக்காரருக்கு அதுவும் இல்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அவர் பழைய குழுவுக்கே கட்டுப்பட்டவர் என்பது அன்றைய விதி.

அந்த விதியை எதிர்த்து நின்றவர் கர்ட் பிளட். செயின்ட் லூயிஸ் குழுவில் மைதானத்தின் நடுப்புறத் தொலைவில் நின்று பந்து பிடித்தவர். 1963 முதல் 1969 வரை ஏழு ஆண்டுகளும் தங்கக் கையுறைப் பரிசு அவருக்கே; 1966-ஆம் ஆண்டு முழுவதும் ஒரு பிழைகூடச் செய்யாதவர். கறுப்பினத்தவரான அவர், இளமையில் தென் மாநிலங்களில் ஆடிய நாட்களில் தனித் தங்குமிடமும் வசைமொழியும் பட்டு வளர்ந்தவர். பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்குப் பின், 1969 அக்டோபரில், அவரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றிவிட்ட செய்தி தொலைபேசியில் வந்தது. ஈடாகச் செயின்ட் லூயிசுக்கு வந்தவர்களில் முதன்மையானவர் டிக் ஆலன்.

பிளட் போக மறுத்தார். தாம் வாங்கவும் விற்கவும் படும் உடைமை அல்லர் என்று ஆட்டத்தின் ஆணையருக்கு அந்த டிசம்பரில் கடிதம் எழுதினார். மறுக்கப்படவே வழக்குத் தொடர்ந்தார். ஆண்டுக்குச் சுமார் 90,000 டாலர் ஊதியம் பெற்றவருக்கு என்ன குறை என்று கேட்டவர் பலர். ஆட்டக்காரர் சங்கம் வழக்குச் செலவை ஏற்றது. பழைய வீரர் ஜாக்கி ராபின்சன் சாட்சி சொன்னார். ஆனால் அன்று ஆடிக்கொண்டிருந்தவர்களுள் ஒருவர்கூட நீதிமன்றத்தில் வந்து அவருக்குத் துணையாக அமரவில்லை. 1972-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இடையில் 1971-இல் வாஷிங்டன் குழுவில் 13 ஆட்டங்கள் ஆடிப் பார்த்துவிட்டு விலகிய அவர், பின்னர் ஆடவே இல்லை.

தோற்றவர் ஒருவர், வென்றவர்கள் அவருக்குப் பின்வந்தவர்கள். மொத்தம் பத்து ஆண்டுகள் ஆடி, அவற்றுள் கடைசி ஐந்தை ஒரே குழுவில் கழித்தவரை அவருடைய சம்மதமின்றி மாற்றக்கூடாது என்ற விதி 1973-இல் வந்தது. அது முன்னரே இருந்திருந்தால் பிளட் வழக்காட வேண்டியே இருந்திராது. 1975 டிசம்பரில், ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமலே ஆடிய இரு பந்தெறிவாளர்களைச் சுதந்திரர் என்று நடுவர் ஒருவர் அறிவித்தார். பிளட் 1997-இல் மறைந்தார். மறு ஆண்டில் அவர் பெயராலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது.

பிராங்க் ராபின்சனுக்குப் பின் இரு லீகுகளிலும் உயர் பரிசு பெற்றவர் ஜப்பானியராகிய ஷோஹெய் ஒதானி ஒருவரே. 2021-இலும் 2023-இலும் அமெரிக்க லீகில் வென்றார். 2024-இல் தேசிய லீகில் வென்றார். ஆனால் ஒரு வேற்றுமை. ராபின்சன் அனுப்பப்பட்டார்; ஒதானி சென்றார். பத்தாண்டுக்கு 70 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தோடு, தாமே தேர்ந்த குழுவுக்குச் சென்றார். அந்தத் தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவோர் விடட்டும். எனக்கு அந்தத் தேர்வுரிமைதான் பெரிதாகத் தோன்றுகிறது.

பிளட்டுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்ட டிக் ஆலன், மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2024 டிசம்பரில் புகழ் மண்டபத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தகுதியுள்ளவர், மகிழ்ச்சியே. ஆனால் பிளட்டின் பெயர் அதே தேர்வில் இடம்பெறவில்லை. எனக்கு ஒரு வாக்கு இருந்தால் முதலில் அவருக்கே அளிப்பேன். ஓட்டக் கணக்கு போதாது என்பவர்களுக்கு, அவர் இழந்த ஆண்டுகளையும் அக்கணக்கில் சேருங்கள் என்று பணிவுடன் விடை சொல்வேன்.

மாறுபட்ட கருத்துடைய அன்பர்கள் தாராளமாக எழுதலாம். வாசகசாலைப் பெரியவர் அடுத்த ஞாயிறன்று வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரும் முப்பது ஆண்டு உத்தியோகத்தில் ஒன்பது ஊர் மாறியவராம். வழக்கை அவரிடமே விடப்போகிறேன்.