ஓட்டு யாருக்கு, மாஸ்டர்?

நங்கநல்லூர் பூங்காவில் மாலை நடை முடித்து உட்காரும் பெரியவர்களுக்கு வாதாட விஷயம் கிடைக்காமல் போனதே இல்லை. ஆனால், ரிட்டயர்டு பி.டி. மாஸ்டருக்கும் ரிட்டயர்டு பேங்க் மேனேஜருக்கும் நடுவே உள்ள சண்டை மட்டும் 2021-ல் ஆரம்பித்தது. இன்னும் முடியவில்லை. தலைக்கு மேல் விமானம் போகும்போது அரை நிமிஷம் நிற்கும். சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

சண்டை ஒரு ஹாக்கி விருதைப் பற்றி.

சர்வதேச ஹாக்கி சம்மேளனம் இளம் வீரர்களுக்கு ஆண்டுதோறும் 'ரைசிங் ஸ்டார்' என்று ஒரு விருது தருகிறது. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. 2021 அக்டோபர் 6-ம் தேதி அந்த வருஷ விருதுகளை அறிவித்தார்கள். வளரும் வீரர் விவேக் சாகர் பிரசாத், வளரும் வீராங்கனை ஷர்மிளா தேவி. இரண்டு பேருமே இந்தியர்கள். அதோடு நிற்கவில்லை. சிறந்த வீரர், வீராங்கனை, இரண்டு கோல்கீப்பர்கள், இரண்டு பயிற்சியாளர்கள் என்று இருந்த எட்டு விருதும் இந்திய அணிகளுக்கே வந்துவிட்டன.

இரண்டு மாதம் முன்புதான் டோக்கியோவில் நம் ஆண்கள் அணி 41 வருஷம் கழித்து ஒலிம்பிக் பதக்கம் வாங்கியிருந்தது. ஆனால் அது வெண்கலம். பெண்கள் அணிக்கு நான்காவது இடம். தங்கம் வாங்கியது ஆண்களில் பெல்ஜியம், பெண்களில் நெதர்லாந்து. தங்கம் வென்ற அணிக்கு ஒரு விருதுகூட இல்லையா என்று பெல்ஜியம் ஹாக்கி சங்கம் வெளிப்படையாகவே வருத்தப்பட்டது. வாக்கு முறையே சரியில்லை என்றும் சொன்னது.

"வயித்தெரிச்சல் சார், வேற ஒண்ணுமில்ல" என்பது மாஸ்டரின் தீர்ப்பு.

"எட்டுக்கு எட்டா மாஸ்டர்? எங்க பிராஞ்ச்ல இப்படி ஒரு கணக்கு வந்திருந்தா ஆடிட்டர் விடமாட்டான்" என்பார் பேங்க்காரர்.

விவேக்கைப் பற்றி மாஸ்டர் பேச ஆரம்பித்தால் சுண்டல் ஆறிவிடும். மத்தியப் பிரதேசத்தில் இடார்சி பக்கத்துக் கிராமத்துப் பையன், அப்பா பள்ளி ஆசிரியர். தியான்சந்தின் மகன் அசோக் குமார் கண்ணில் பட்டு, அவர் மூலமாக மாநில அகாடமிக்குப் போனவன். 2018 ஜனவரியில், 18 வயது நிரம்பும் முன்னாலேயே இந்தியாவுக்கு ஆடினான். அதே வருஷம் ஹாலந்தின் பிரெடா நகரில் சாம்பியன்ஸ் டிராபி இறுதிப் போட்டி. எதிரே ஆஸ்திரேலியா. அதில் இந்தியா ஆட்டத்துக்குள் அடித்த ஒரே கோல் இவனுடையது. ஷூட் அவுட்டில் தோற்றோம், அது வேறு கதை. 2019-ம் வருஷத்துக்கான ரைசிங் ஸ்டாரையும் இவன்தான் வாங்கினான், அர்ஜென்டினாவின் மைகோ கசேலா, ஆஸ்திரேலியாவின் பிளேக் கோவர்ஸ் இரண்டு பேரையும் தாண்டி. டோக்கியோவில் அர்ஜென்டினாவோடு ஆட்டம் சமநிலையில் முடியப் போகிற நேரத்தில் வந்து கோல் போட்டதும் இவன்தான்.

"இதுக்கு மேல என்ன சார் வேணும்?"

இதற்குப் பேங்க்காரரிடம் பதில் கிடையாது. உண்மையில், இருக்கவும் முடியாது. விவேக் நடுக்கள ஆட்டக்காரர். புது வரவுகளை அளக்கும்போது முதலில் அடிபடுவது இந்த நடுக்களக்காரர்கள்தான். முன்வரிசைக்காரனுக்குக் கோல் கணக்கு இருக்கிறது, பெனால்டி கார்னர் அடிப்பவனுக்கு அதைவிடப் பெரிய கணக்கு இருக்கிறது. எதிராளியின் பாஸை நடுவில் மறித்துப் பந்தைத் திருப்பியவனுக்கு ஸ்கோர் போர்டில் இடமே இல்லை. தவிர, ஹாக்கியில் ஆள் மாற்றிக்கொண்டே இருக்கலாம். 15 நிமிஷக் கால்பகுதி நான்கில் ஒரு புதுப் பையன் பாதி நேரம்தான் களத்தில் இருப்பான். அந்தப் பாதியைக் கண்கொட்டாமல் பார்த்தவர்களுக்குத்தான் அவன் அருமை தெரியும். இதையெல்லாம் மீறி விவேக் கண்ணில் பட்டார் என்றால் சரக்கு இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

சண்டையை வேறு பக்கம் திருப்பியவள் பேங்க்காரரின் பேத்தி. பிளஸ் டூ படிக்கிறாள், பள்ளி அணியில் ஹாஃப் பேக். ஒருநாள் தாத்தாவைக் கூட்டிப்போக ஸ்கூட்டரில் வந்தவள், ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே கேட்டாள்.

"மாஸ்டர் தாத்தா, அந்த வருஷம் நீங்க ஓட்டு போட்டீங்களா?"

"போடாம? வாட்ஸ்அப்ல லிங்க் வந்துது. இந்தியப் பேர் கண்ட இடத்துல எல்லாம் டிக் பண்ணேன். ரெண்டு நிமிஷ வேலை."

"ஷர்மிளா தேவிக்கும்?"

"பின்ன?"

"அவங்க எந்த பொசிஷன் தாத்தா?"

மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். பாவம், விமானம்கூட வரவில்லை.

ஷர்மிளா ஹரியானாவின் ஹிசாரைச் சேர்ந்தவர், முன்வரிசை ஆட்டக்காரர். டோக்கியோ போனபோது வயது 19. விருதுக்குத் தகுதி இல்லாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் மாஸ்டருக்கு டோக்கியோ என்றால் குர்ஜித் கவுர் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அடித்த கோலும், சவிதா தடுத்த பந்துகளும்தான் ஞாபகம். ஷர்மிளாவை அவர் கவனித்ததில்லை. கவனிக்காத ஒருவருக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார். அந்த வருஷம் சுமார் மூன்று லட்சம் ரசிகர்கள் ஓட்டுப் போட்டார்கள். அதில் எத்தனை மாஸ்டர்கள் இருந்தார்களோ!

ரசிகர் ஓட்டு மட்டும் முடிவைத் தீர்மானித்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ரசிகர்களும் வீரர்களும் சேர்ந்து 25 சதவீதம், பத்திரிகைக்காரர்கள் 25 சதவீதம். பாதி எடை அந்தந்த நாட்டுச் சங்கங்களுக்கு, அதாவது கேப்டன்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும். புகார் கிளம்பிய பிறகு சம்மேளனமே கணக்கை வெளியிட்டது. ஆசியாவில் 33 சங்கங்களில் 29 ஓட்டுப் போட்டிருந்தன. ஐரோப்பாவில் 42-ல் 19 மட்டுமே. பெல்ஜியத்தின் அக்கம்பக்கத்து நாடுகளே பாதிக்கு மேல் ஓட்டுச்சாவடிப் பக்கம் வரவில்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு வராமல், முடிவு வந்ததும் மாடியிலிருந்து கத்துகிறவர்கள் நங்கநல்லூரில் மட்டும் இல்லை போலிருக்கிறது.

"பாத்தியா, அவங்க தப்புதானே?" என்று மாஸ்டர் நிமிர்ந்தார்.

"அவங்க தப்பும்தான். ஆனா நஷ்டம் யாருக்கு? விவேக் நிஜமாவே ஜெயிச்சாரு. இப்ப உங்களால அவரையும் 'ஆ, இந்தியாக்காரங்க ஓட்டுல வந்தது'ன்னுதானே சொல்றாங்க?"

இதுதான் விஷயம். எட்டில் எது ஆட்டத்துக்கு வந்தது, எது ஆள் பலத்துக்கு வந்தது என்று பிரிக்க முடியாமல் போனதில் அடிபட்டது பெல்ஜியம் மட்டும் இல்லை. உழைத்து வாங்கிய நம் பிள்ளைகளும்தான். முதல் வருஷப் பேச்சு இருபது வயதுப் பிள்ளையோடு ரொம்ப தூரம் கூட வரும். 2019-ல் பெண்கள் விருது வாங்கிய மிசோரத்தின் லால்ரெம்சியாமியை யாரும் அப்படிப் பேசியதில்லை. ஹிரோஷிமாவில் அரையிறுதிக்கு முன் அப்பா இறந்த செய்தி வந்தும், இருந்து ஆடி, இறுதியாட்டத்தில் அணி ஜெயித்த பிறகே ஊர் திரும்பிய பெண் அவர்.

விவாதம் எங்கேயும் உண்டு. யார் 'புதுமுகம்' என்பதே பல இடங்களில் தகராறு. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் கால்டர் டிராபி என்பது புதுமுகத்துக்கான விருது. 1990-ல் அதை வாங்கிய செர்கே மகாரோவுக்கு வயது 31. சோவியத் அணிக்காக ஒலிம்பிக் தங்கமெல்லாம் வாங்கிவிட்டு வந்த 'புதுமுகம்'. அதற்கப்புறம்தான் வயது வரம்பு வைத்தார்கள். நம்மூர் சாய் சுதர்சன் 2023 ஐ.பி.எல். இறுதியில் சி.எஸ்.கே.வுக்கு எதிராக 96 அடித்து எத்தனை வீட்டில் வயிற்றைக் கலக்கினார்! அவருக்கு 'எமர்ஜிங் பிளேயர்' விருது 2025-ல்தான் கிடைத்தது, 759 ரன்னோடு. அதே சீசனில் 14 வயது வைபவ் சூர்யவன்ஷி 35 பந்தில் சதம் போட்டிருந்தான். அப்போதும் பெஞ்ச் இரண்டாகப் பிரிந்தது. ஆனால் இரண்டு பக்கமும் மேட்ச் பார்த்துவிட்டுச் சண்டை போட்டது. அது நல்ல சண்டை.

ஹாக்கிக்காரர்கள் 2022-ல் முறையை மாற்றினார்கள். நிபுணர் குழுவுக்கு 40 சதவீதம், சங்கங்கள், பத்திரிகை, ரசிகர்–வீரர் ஆகியோருக்குத் தலா 20. அந்த வருஷம் வளரும் வீராங்கனை விருது யாருக்கு? லக்னோவின் மும்தாஜ் கானுக்கு. தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் வீட்டுப் பெண். தென்னாப்பிரிக்காவில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் எட்டு கோல். தென்கொரியாவுக்கு எதிரான காலிறுதியில் மகள் கோல் அடித்தபோது அம்மா கடையில் வியாபாரத்தில் இருந்தார். ஓட்டில் இரண்டாவதாக வந்தவர் பெல்ஜியத்தின் சார்லட் எங்கல்பெர்ட். இந்த முறை ஆட்சேபம் சொல்ல ஆளில்லை.

"அப்ப நம்ம அரியலூர் கார்த்தி லிஸ்ட்ல இருந்தா? அவனுக்கும் போடக் கூடாதா?" மாஸ்டர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். செல்வம் கார்த்தி 2022 ஆசியக் கோப்பையில், முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்தவர். 2023-ல் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஜப்பானோடு அரையிறுதி நடந்தபோது மாஸ்டர் கேலரியில் இருந்தார்.

"நீங்க அவர் ஆட்டத்தை நேர்ல பாத்தீங்க. தாராளமா போடுங்க. கூடவே லிஸ்ட்ல இருக்கற மத்த பசங்களையும் ஒரு தடவ பாத்துட்டு போடுங்க, அவ்ளோதான்."

இவ்வளவு கறாராக அவள் பேசியதற்குக் காரணம் இருந்தது. அந்த வாரம் ஒரு கோடைக்காலப் போட்டி முடிந்து, சிறந்த புதுமுகம் யார் என்று ஆன்லைனில் ஓட்டு ஓடிக்கொண்டிருந்தது. இரவு பத்து மணி வரை நேரம். மூன்று பேர் பட்டியலில் ஒருத்தி நங்கநல்லூர்ப் பெண், இவளோடு ஒரே அணி. 'நம்ம ஏரியா பொண்ணு, மறக்காம ஓட்டு போடுங்க' என்று ஃப்ளாட் குரூப்பில் காலையிலிருந்து நாலு தடவை வந்துவிட்டது. ஐந்து கோல் அடித்த பெண்தான், ஆனால் அதில் நாலு ஒரே ஆட்டத்தில், ஏழு பேரோடு வந்த ஒரு பள்ளிக்கு எதிராக. இன்னொருத்தி வியாசர்பாடிப் பெண், கோல்கீப்பர், இரவல் பேடு கட்டிக்கொண்டு ஆடியவள். பேத்தி அடித்த பந்தையே மூன்று தடவை தடுத்தவள்.

"உன் ஃபிரெண்டு கோச்சுக்க மாட்டாளா?" என்றார் தாத்தா.

"கோச்சுப்பா. ரெண்டு நாள் பேச மாட்டா. அவளுக்கும் தெரியும் தாத்தா, நான் அடிச்சதத் தடுத்தது யாருன்னு."

மாஸ்டர் கையை நீட்டினார். "வீடியோ இருக்கா?"

இருந்தது. யாரோ ஒரு அப்பா வேலி ஓரம் நின்று எடுத்தது. பாதி நேரம் புல்தரையும் மீதி நேரம் யாருடைய தோளோதான் தெரிந்தது. மாஸ்டர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்த்தார். "இந்தப் பொண்ணு கால் வைக்கற இடத்தப் பாரு சார். பந்து கிளம்பறதுக்கு முன்னாடியே அங்க நிக்கறா" என்றார் பேங்க்காரரிடம்.

அந்த நேரம் பார்த்து, ஐந்து கோல் பெண்ணின் அம்மா காய்கறிப் பையோடு பூங்காவைக் கடந்தார்.

"மாஸ்டர் மாமா, நம்ம பொண்ணுக்கு ஓட்டு போட்டாச்சா?"

"இன்னும் ரெண்டு மேட்ச் பாக்கி இருக்கும்மா, பாத்துண்டிருக்கேன்" என்றார் மாஸ்டர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.