அடையாள அட்டையின் படம் யாருடைய போனில்?

கல்முனையிலிருந்து கிட்டங்கியைக் கடந்து சவளக்கடைக்கு வரும் கடன் நிறுவன உத்தியோகத்தர் முதலில் கேட்பது தேசிய அடையாள அட்டையைத்தான். முற்றத்துக் கதிரையில் அதை வைத்து ஒரு படம் எடுப்பார். வங்கிப் புத்தகத்துக்கு இன்னொன்று, வயல் உறுதிக்கு மற்றொன்று. மூன்றும் அங்கிருந்தே கிளையின் வட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும். வேளாண்மைச் செலவுக்குக் கடன் கேட்டவருக்கும் அலைச்சல் மிச்சம்.

ஆனால் அந்தப் போன் நிறுவனத்தின் சொத்தல்ல. உத்தியோகத்தர் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. இரவில் பிள்ளை அதில் கார்ட்டூன் பார்க்கும். வாப்பாவின் மருந்துத் துண்டும் மச்சான் வீட்டுக் கலியாணப் படங்களும் உள்ள அதே இடத்தில் ஊராரின் அடையாள அட்டைகளும் கிடக்கும். குழுவிலுள்ள மற்றவர்களின் போன்களிலும் அவை சேரும். மாரி வெள்ளத்தில் போன் தொலைந்தாலும், அவர் வேலையை விட்டு விலகினாலும், அந்தப் படங்களைத் திரும்பப் பெற நிறுவனத்துக்கு வழியில்லை.

இதற்கு உத்தியோகத்தரைக் குறை சொல்வது நியாயமல்ல. போனும் கொடுக்காமல், பாதுகாப்பான வழியும் காட்டாமல் வேலையை மட்டும் வாங்கும் நிர்வாகமே பொறுப்பேற்க வேண்டும்.

வசதியான நாடுகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. ஸ்கொட்லாந்தின் லனார்க்ஷயர் அரச சுகாதார சேவையில் 26 ஊழியர்கள் 2020 ஏப்ரல் முதல் 2022 ஏப்ரல் வரை ஒரு வட்ஸ்அப் குழுவில் 500 தடவைக்கு மேல் நோயாளர் விவரங்களைப் பகிர்ந்தார்கள். ஊழியர் அல்லாத ஒருவரும் தவறுதலாக அதில் சேர்க்கப்பட்டிருந்தார். 2023இல் பிரிட்டனின் தகவல் ஆணையாளர் அலுவலகம் அந்தச் சேவையைக் கண்டித்தது. அமெரிக்காவில் ஊழியர்கள் சொந்தப் போன்களில் நடத்திய வியாபாரப் பேச்சைப் பதிவில் வைக்காததற்காக, 2021 டிசம்பரில் ஜே.பி. மோர்கன் 20 கோடி டொலர் தண்டம் கட்டச் சம்மதித்தது.

இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. மீறினால் ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அது இடமளிக்கிறது. அதன் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வருவது 2025இல் தள்ளிப்போனது. அதைச் சாட்டாக வைத்துக் கைகட்டி இருக்கலாம் என்று எந்த நிறுவனமும் எண்ணக்கூடாது.

அதற்காக ஊழியரின் போன் முழுவதையும் நிர்வாகம் கையில் எடுப்பதும் தவறு. போனையே மொத்தமாக அழிக்கும் அதிகாரத்தை நிறுவனத்துக்குக் கொடுக்கும் ஏற்பாடுகளும் உள்ளன. வீட்டுப் பெண்களின் படங்கள் உள்ள போனில் அப்படியொன்றைப் போட ஒருவர் தயங்கினால், அந்தத் தயக்கத்தில் முழு நியாயம் இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவே நல்ல வழி ஒன்று உண்டு. 2014இல் வந்த அண்ட்ரொய்ட் 5 முதல், ஒரே போனுக்குள் வேலைக்கென்று தனிப் பகுதி அமைக்கலாம். அதிலுள்ள செயலிகளில் சிறு கைப்பெட்டிச் சின்னம் தெரியும். வேலைக் கோப்புகள் அந்தப் பகுதிக்குள்ளேயே இருக்கும். ஊழியரின் சொந்தப் படங்களும் செய்திகளும் நிறுவனத்தின் கண்ணில் படாது. போன் தொலைந்தால் வேலைப் பகுதியை மட்டும் தூரத்திலிருந்து அழிக்கலாம். மைக்ரோசொப்ட் இன்ட்யூன் போன்ற சேவைகள், போனைக் கட்டுப்பாட்டில் எடுக்காமல் அலுவலகச் செயலிகளுக்கு மட்டும் பூட்டுப் போடவும் உதவுகின்றன.

இவ்வளவு வசதியில்லாத சிறு நிறுவனம் குறைந்தபட்சம் சிலவற்றைச் செய்யலாம். வேலைக்குத் தனி இலக்கம் கொடுத்து, வட்ஸ்அப் பிஸ்னஸில் இயங்கச் சொல்லலாம். படங்கள் தானாகப் போனில் சேமிக்கப்படுவதை நிறுத்தலாம். டேட்டாச் செலவை ஏற்கலாம். நிர்வாகம் எதைப் பார்க்கும், எதைத் தொடாது, விலகும்போது எவை அழிக்கப்படும் என்பதைத் தமிழில் எழுதி, இரு தரப்பும் கையொப்பமிடலாம்.

அட்டையை நீட்டும் சவளக்கடைக்காரருக்கும் இந்தப் படம் எங்கே போகிறது, எப்போது அழிக்கப்படும் என்று கேட்கும் உரிமை உண்டு. அதற்குப் பதில் சொல்லக்கூடியவராக உத்தியோகத்தரை அனுப்பி வைப்பது கிளை முகாமையாளரின் கடமை.