தடை தோற்றதா?

ஜேர்மன் ரொக் இசை என்றதும் 'கான்', 'கிராஃப்ட்வேர்க்' போன்ற மேற்கு ஜேர்மன் குழுக்களே பலரது நினைவுக்கு வரும். அதே காலத்தில் கிழக்கு ஜேர்மனியின் லைப்சிக் நகரில் எழுச்சி பெற்றுச் சிதறிய 'ரென்ஃப்ட்' குழுவைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. பேசுபவர்களும், "அரசு தடை செய்தது, இன்று அந்த அரசு இல்லை, பாடல்கள் இருக்கின்றன" என்று கதையை மங்களமாக முடித்துவிடுகின்றனர். அந்த முடிவை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கிளவுஸ் ரென்ஃப்ட் என அறியப்பட்ட கிளவுஸ் யென்ச், 1958இல் இக்குழுவை ஆரம்பித்தார். 1962இல் அது தடைசெய்யப்பட்டது. பின்னர் 'பட்லர்ஸ்' என்ற பெயரில் இயங்கியபோது, 1965இல் மீண்டும் தடை வந்தது. லைப்சிக் குழுக்கள் பலவற்றின் மீதும் விதிக்கப்பட்ட அத்தடையை எதிர்த்து, அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி இளைஞர்கள் வீதியில் இறங்கினர். கைதானவர்களுள் பலர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டனர்.

1967இல் குழு மீண்டும் எழுந்தது. 1971இல் ஹொனெக்கர் ஆட்சிக்கு வந்தபின் கலைத்துறைக்குச் சிறிது தளர்வு கிடைத்தது. அரச நிறுவனமான 'அமிகா' 1973இலும் 1974இலும் ரென்ஃப்டின் இரு இசைத்தட்டுகளை வெளியிட்டது. இளைஞர்கள் அவர்களைக் கொண்டாடினர்.

அந்நாட்டில் அனுமதிப்பத்திரம் இன்றி எந்தக் குழுவும் மேடையேற முடியாது. கெருல்ஃப் பன்னாக் எழுதிய பாடல்களோ இராணுவ சேவையை மறுப்பதையும் நாட்டைவிட்டு வெளியேறத் துடிப்பதையும் தொட்டன. குழுவுக்குள்ளும் முரண்பாடுகள் வளர்ந்தன. 1975 செப்டெம்பர் 22ஆம் திகதி, அனுமதிக்காக அதிகாரிகள் முன் சென்றவர்களுக்கு வாசித்துக் காட்ட வாய்ப்பே தரப்படவில்லை. இனி அக்குழு இல்லை என்று மட்டும் அறிவிக்கப்பட்டது. தடை என்ற சொல்லைக்கூட அதிகாரிகள் தவிர்த்ததாக, அன்னா ஃபண்டர் தமது 'ஸ்டாசிலாண்ட்' நூலில் பதிவுசெய்துள்ளார். தடை என்றால் மேன்முறையீடு பற்றியாவது பேசலாம். இல்லாத ஒன்றின் சார்பில் யார் முறையிடுவது?

இதன்பின் குழு சிதறியது. யென்ச் 1976இல் மேற்கு பேர்லினுக்குச் சென்றார். எஞ்சியோருள் சிலர் 'கருசெல்' என்ற புதிய குழுவை அமைத்து அந்நாட்டிலேயே தொடர்ந்து இசைத்தனர். அதே ஆண்டு நவம்பரில் பாடகர் வோல்ஃப் பியர்மனின் குடியுரிமை பறிக்கப்பட்டதைத் தொடர்ந்து, பன்னாக்கும் இசைக்கலைஞர் கிறிஸ்டியான் கூனெர்ட்டும் கைதாகினர். 1977 ஓகஸ்டில் அவர்கள் மேற்கு பேர்லினுக்கு வெளியேற்றப்பட்டனர்.

சுவர் வீழ்ந்தபின், 1990இல் ரென்ஃப்ட் மீண்டும் மேடையேறியது. பன்னாக் 1998இலும் யென்ச் 2006இலும் காலமாகினர்.

தடை தோற்றது என்போர் 1975ஐயும் 1990ஐயும் அருகருகே வைத்துப் பார்க்கின்றனர். இடையில் இருந்த பதினைந்து ஆண்டுகளை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு குழுவின் உயிர், அதில் உள்ளவர்கள் ஒரே அறையில் கூடி முரண்படுவதிலும் இணங்குவதிலும்தான் இருக்கிறது. அந்தக் கூட்டைத்தான் அன்று கலைத்தார்கள். உட்பூசலால் அது தானாகவே உடைந்திருக்கலாம் என்பதும் உண்மையே. ஆனால் அதைத் தீர்மானிக்கும் உரிமை அந்த இசைக்கலைஞர்களுக்குரியது.

தணிக்கையின் கீழ் பேனா பிடித்தவர்களுக்கு இது புரியும். வெட்டப்பட்ட வரியைப் பின்னர் தேடி அச்சேற்றலாம். வெட்டப்படும் என்று அறிந்து எழுதாமலே விடப்பட்ட வரியை எந்த ஆவணக் காப்பகத்தில் தேடுவது? ரென்ஃப்டின் மூன்றாவது, நான்காவது இசைத்தட்டுகள் அவ்வாறு எழுபதுகளிலேயே தொலைந்து போனவை.

அடக்குமுறை இறுதியில் தோற்கும் என்ற நம்பிக்கை நமக்கு வேண்டியதுதான். ஆனால் அந்த நம்பிக்கையே, அடக்குமுறையால் விளைந்த இழப்பை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது. கிழக்கு ஜேர்மனி 1990இல் மறைந்தது. அது கலைத்த குழுவின் இளமை திரும்பி வரவில்லை.