எண்ணி வாங்கு

அப்பா கூலிப் பணத்தை எண்ணி வாங்கி நான் பார்த்ததில்லை. கரும்பு வெட்டு முடிந்த அன்று மாலை, பண்ணை வீட்டுக் களத்தோரம் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஆண்டை திண்ணையில் உட்கார்ந்தபடியே நோட்டுகளை மடித்து நீட்டுவார். அப்பா இரண்டு கையையும் ஏந்தி வாங்கி, அப்படியே துண்டு முனையில் முடிந்துகொள்வார். வீட்டுக்கு வந்து விளக்கடியில் உட்கார்ந்த பிறகுதான் முடிச்சை அவிழ்ப்பார். சில நாள் சரியாக இருக்கும். பல நாள் பத்தோ இருபதோ குறையும். ஏழாவது படிக்கிற தைரியத்தில் ஒருமுறை, "அங்கயே எண்ணியிருக்கலாமில்லப்பா?" என்று கேட்டேன். "அவங்க எதிர்ல எண்ணினா, எங்கள நம்பலையான்னு கேப்பாங்கடா" என்றார். மறுநாள் போய்க் குறைந்ததைக் கேட்டாரா என்றால், அதுவும் இல்லை.

குறைத்துக் கொடுப்பதில் அவர்களுக்கு மரியாதை குறையவில்லை. எண்ணிப் பார்த்தால் குறைந்துவிடுமாம். இந்தக் கணக்கை நான் மறந்தே போயிருந்தேன். சில மாதங்களுக்கு முன் கல்லூரி மாணவர் விடுதி ஒன்றில் நடந்த பேச்சு அதை மறுபடி கிளப்பிவிட்டது.

வணிகவியல் மூன்றாமாண்டு படிக்கும் தம்பி ஒருவர். ஒரகடம் பக்கம் வேலை கிடைத்து, தேர்வு முடிந்ததும் போகப்போகிறவர். பேருந்து நிலையத்தில் ஒரு கடையில் எண்பது ரூபாய்க்குச் சாமான் வாங்கி ஐந்நூறு ரூபாய்த் தாள் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் இருநூறு ரூபாய்க்குரிய மீதியைக் கொடுத்தாராம். நூற்று இருபது. இவர் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். பேருந்தில் ஏறிய பிறகுதான் எடுத்துப் பார்த்திருக்கிறார். "திரும்பிப் போய்க் கேக்கலாம்னுதான் நெனச்சேன் அண்ணா. அங்க நின்னவங்க எல்லாம் பார்ப்பாங்களேன்னு விட்டுட்டேன்" என்றார். பற்று வரவு, ஐந்தொகை எல்லாம் படித்தவர் அவர். கணக்கு அவருக்குத் தெரியும். கல்லாவுக்கு எதிரே நின்று, வரிசையை ஒரு நிமிடம் காக்க வைத்து, கையில் வாங்கியதை விரித்து எண்ணத்தான் முடியவில்லை. துண்டு முடிச்சு சட்டைப்பையாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த முந்நூறு ரூபாயைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. அடுத்த மாதம் அவர் கையில் சம்பளம் வரும். விடுதியை விட்டு வெளியே வந்து, தனியாக அறை எடுத்து, சாப்பாடு, வாடகை, ஊருக்குப் பணம் என்று எல்லாவற்றையும் தானே பார்க்கப்போகிற இருபத்தொரு வயதுப் பிள்ளை அவர். இதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நேர்காணலில் எப்படி உட்காருவது, எப்படிக் கைகுலுக்குவது என்று சொல்லித்தர ஆள் வருகிறார்கள். சம்பளத்தை எப்படி எண்ணி வாங்குவது என்று சொல்லித்தர வருவதில்லை. வீட்டிலேயே கற்றுக்கொள்வார்கள் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

எந்த வீட்டில்? கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை பத்து வயதில் கல்லாவில் உட்காருகிறது. நோட்டைப் பிரிப்பது, சில்லறை அடுக்குவது, கடன் சொன்னவரிடம் முகம் சுளிக்காமல் கேட்பது எல்லாம் அதற்குச் சோறு மாதிரி கிடைத்துவிடுகிறது. நம் தாத்தா பாட்டிக்குக் கூலியே நெல்லாக வந்தது. மரக்கால் பண்ணையுடையது, அளப்பதும் பண்ணை ஆள். காசு என்று வந்தபோதும், கைபடாமல் மேலே இருந்து போடும் காசாகத்தான் வந்தது. இன்றும் சில ஊர்க் கடைகளில் நம் பெண்கள் கை நீட்டினாலும் மீதிக் காசைப் பலகையில்தான் வைக்கிறார்கள். அப்படி வைத்ததைப் பொறுக்கிக்கொண்டு நகர்கிறவர், அங்கேயே நின்று எண்ணிக்கொண்டிருப்பாரா? அவமானத்திலிருந்து சீக்கிரம் விலகத்தான் கால் பார்க்கும். எனவே பணத்தைக் கையாளத் தெரியவில்லை என்று நம் பிள்ளைகளைக் கேலி பேசுகிறவர்கள், அந்தப் பழக்கம் யாருக்கு வாய்த்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

அம்பேத்கர் தம் வாழ்க்கை அனுபவங்களை எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' பலருக்கும் தெரிந்த நூல். 1901இல் சதாராவிலிருந்து அப்பாவைப் பார்க்கப் புறப்பட்ட அந்தச் சிறுவர்கள், மசூர் ரயில் நிலையத்தில் மாட்டுவண்டி கிடைக்காமல் நின்றார்கள். கையில் காசு இருந்தது. சாதி தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். கடைசியில் இரட்டிப்புக் கூலி கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போனார்கள். இந்த இடத்தைப் படித்தவர்கள் நிறைய. ஆனால் அப்போது அவர் அப்பா பார்த்த வேலை காசாளர் வேலை என்று அதே பக்கங்களில் இருப்பதைக் கவனித்தவர்கள் குறைவு. காசாளரின் மகன் பிற்காலத்தில் லண்டனில் படித்து, 1923இல் 'ரூபாயின் பிரச்சினை' என்ற நூலை வெளியிட்டார். இந்திய நாணயம் குறித்து ஆராய்ந்த ஹில்டன் யங் ஆணையத்தின் முன் சாட்சியமும் சொன்னார். நம் விடுதிகளில் அவர் படம் மாட்டாத சுவர் இல்லை. அவர் வாங்கிய பட்டங்களை வரிசையாகச் சொல்லும் பிள்ளைகளிடம், ரூபாயைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார் என்று சொன்னால் வியக்கிறார்கள். நம் பக்கத்திலும் அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்றே பெயர் வைத்தார். காசு நமக்குச் சம்பந்தமில்லாத விஷயமாக நம் முன்னோடிகளுக்குத் தோன்றவில்லை.

நண்பர்கள் சிலர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைச் செய்துபார்க்கிறோம். பெரிய பாடத்திட்டம் ஒன்றுமில்லை. உண்மையான நோட்டு, உண்மையான சில்லறை. காகிதத்தில் வெட்டிய நோட்டை வைத்துச் செய்தால் பயம் தெளியாது. ஒருவர் கடைக்காரர், ஒருவர் வாங்குகிறவர், மற்றவர்கள் பின்னால் வரிசையில் நின்று "சீக்கிரம் நகருப்பா" என்று கத்த வேண்டும். அந்தக் கத்தல் முக்கியம். அமைதியான அறையில் எல்லோரும் சரியாகத்தான் எண்ணுகிறார்கள்.

முதலில், தாளை நீட்டும்போதே "ஐந்நூறு தர்றேண்ணா" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பாதித் தகராறு அதிலேயே தீர்ந்துவிடும். அடுத்து மீதியைக் கணக்கிடுவது. கழித்துப் பார்க்கிற பிள்ளைகள் திணறுகிறார்கள். கடைக்காரர்கள் கழிப்பதில்லை, கூட்டிக்கொண்டே போகிறார்கள். சாமான் 137 ரூபாய் என்றால், மூன்று போட்டால் 140, பத்து போட்டால் 150, ஐம்பது போட்டால் 200, பிறகு மூன்று நூறு, ஆக ஐந்நூறு. இதை ஒருமுறை காட்டினால் போதும், அரைமணியில் பிடித்துக்கொள்கிறார்கள். பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று யாராவது சொன்னால், எல்லா வடிவ நாணயமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கியே அறிவித்திருப்பதைச் சொல்ல வேண்டும். அழுக்கான, கிழிந்த நோட்டை வங்கிக் கிளையில் மாற்றலாம். மாற்றித்தருவதாகச் சொல்லிக் கழிவு பிடிக்கிறவரிடம் போக வேண்டியதில்லை. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், ஐந்து நாளுக்குள் திரும்ப வரவு வைக்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பது 2019இலிருந்து இருக்கும் விதி. இதைச் சொன்னபோது ஒரு பையன் எழுந்து, தனக்குப் போன வருடம் இரண்டாயிரம் அப்படிப் போனது, பயந்துகொண்டு யாரிடமும் சொல்லவில்லை என்றான்.

பெண்கள் விடுதியில் வேறு மாதிரியான பிரச்சினை. புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகிற மாணவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அவர் கணக்குக்கே வருகிறது. நம் தெருப் பெண்பிள்ளைகள் பலருக்கு வாழ்க்கையில் முதன்முதலாகத் தன் பெயரில் வந்த பணம் இது. "கார்டு யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பதிலில்லை. அண்ணனிடம், அப்பாவிடம், ஒருத்திக்கு மாமாவிடம். ரகசிய எண்ணும் அவர்களுக்குத்தான் தெரியும். வீட்டுக்குப் பணம் கொடுப்பதில் தவறே இல்லை, நானும் கொடுத்தவன்தான். ஆனால் கையில் எடுத்துக் கொடுப்பது வேறு, கார்டையே கொடுத்துவிடுவது வேறு. சாதியைப் பற்றி மேடையில் பேசுகிற நம் வீட்டு ஆண்கள் இந்த இடத்தில் என்ன செய்கிறார்கள் என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டை எதிரில் அப்பா எண்ண முடியாமல் நின்றதும், அண்ணன் எதிரில் தங்கை கார்டைக் கேட்க முடியாமல் நிற்பதும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

கல்வி உதவித்தொகையில் இன்னும் பெரிய சிக்கல் வந்திருக்கிறது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் ஒன்றிய அரசின் பங்கான 60 விழுக்காடு, கல்லூரிக் கட்டணம் உட்பட, மாணவர் கணக்குக்கே நேரடியாக வருகிறது. வந்ததும் மாணவர் கல்லூரியில் கட்ட வேண்டும். நடுவில் கை வைப்பதைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் கையில் வைத்துப் பழகாத பிள்ளையின் கணக்கில், ஒருநாள் திடீரென்று பல ஆயிரம் வந்து உட்காருகிறது. அந்த வாரம் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு, அல்லது வாசலில் வந்து நிற்கும் குழுக் கடன் தவணை. பணம் அதில் போய்விடுகிறது. பிறகு கல்லூரி சான்றிதழைக் கொடுக்க மறுக்கிறது. பிள்ளை படிப்பை முடித்தும் வேலைக்குப் போக முடியாமல் நிற்கிறது. இதில் கொஞ்சம் பிள்ளையின் தவறும் உண்டு. அந்தப் பணம் எதற்கானது, எவ்வளவு தனக்கு, எவ்வளவு கல்லூரிக்கு என்று பணம் வருவதற்கு முன்பே உட்கார்த்தி வைத்துச் சொல்லாத துறையின் தவறு அதைவிடப் பெரிது.

வேலைக்குப் போன பிறகு வரும் முதல் பொறி வட்டி. நம் ஊரில் "மூணு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். ஆண்டுக்கு 36 விழுக்காடு. இது எல்லோருக்கும் தெரியும். தண்டல்தான் ஏமாற்றும். பத்தாயிரம் என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "வட்டி பதினஞ்சு பர்சென்ட்தான்" என்பார்கள். ஆனால் வாங்கிய 8,500 முழுவதும் நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லை, முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். போட்டுப் பார்த்தால் ஏறத்தாழப் பத்து வட்டி வருகிறது. கரும்பலகையில் இதைப் போட்டுக் காட்டியபோது, தினம் மாலை வீட்டு வாசலில் தண்டல்காரர் வண்டிச் சத்தம் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003இலேயே வந்துவிட்டது. இப்போது அந்த வண்டி செல்போனுக்குள் வந்திருக்கிறது. ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலி, தவணை தவறினால் நம் தொடர்பு எண்களுக்கெல்லாம் படம் அனுப்பி அவமானப்படுத்துகிறது. பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போடத் தேவையே இல்லை. போடச் சொன்னால் அது நம் பணத்தை எடுக்கிறவன் வேலை.

சம்பளச் சீட்டு வாசிப்பதையும் கற்றுத்தர வேண்டும். அடிப்படைச் சம்பளத்தில் 12 விழுக்காடு வைப்புநிதிக்குப் பிடிக்கிறார்கள் என்றால், நிர்வாகமும் அதே அளவு போட வேண்டும். ஒப்பந்தக்காரர் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது உண்டு. நம் வைப்புநிதி எண்ணைக் கேட்டு வாங்கி, கணக்கில் ஏறுகிறதா என்று மாதாமாதம் பார்க்க வேண்டும். அப்பா அன்றைக்கு எண்ணாமல் முடிந்துகொண்டதன் இன்றைய வடிவம் இது.

சிக்கனமாக இருந்தால் ஏழ்மை போய்விடும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் எங்கள் தெருவுக்கு நிறையப் பேர் வந்துபோயிருக்கிறார்கள், உண்டியல் கூட இனாமாகக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் சம்பாதித்தும் பத்தாத வீட்டில் சேமிப்புப் பாடம் நடத்துவது அபத்தம். நிலமும் நியாயக் கூலியும் இல்லாத இடத்தில் உண்டியல் என்ன செய்யும்? நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். நமக்கு உரியது எவ்வளவு என்று தெரிந்து, அது கைக்கு வந்துசேர்ந்ததா என்று எவர் எதிரிலும் எண்ணிப் பார்க்கிற தைரியம்.

அதற்குத் துறை ஒரு பைசா கூடச் செலவழிக்க வேண்டாம். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் கல்லூரி மாணவருக்கான உணவுப்படி 2023இல் மாதம் 1,500 ரூபாயாக உயர்ந்தது. நாளுக்கு ஐம்பது ரூபாய். நூறு பேர் விடுதி என்றால் மாதம் ஒன்றரை லட்சம். தங்கள் பேரில் வரும் இந்தப் பணத்தை அந்த நூறு பேரில் ஒருவரும் கணக்காகக் கூடப் பார்ப்பதில்லை. மாதம் ஐந்து மாணவர்கள் முறைவைத்துக் காப்பாளரோடு உட்காரட்டும். காய்கறிச் சீட்டு, மளிகைச் சீட்டு, காஸ் சிலிண்டர் ரசீது, எல்லாவற்றையும் அவர்கள் கையால் பதிவேட்டில் எழுதட்டும். மாதக் கடைசியில் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டட்டும். சந்தைக்கும் அவர்களையே அனுப்பட்டும். மூன்றாண்டில் எல்லோருக்கும் ஒருமுறையாவது முறை வந்துவிடும். ஒளிக்க ஒன்றுமில்லாத காப்பாளர் இதை வேண்டாமென்று சொல்ல மாட்டார்.

ஜூனில் விடுதிகள் திறக்கும். அரசு ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் நமக்கும் இல்லை. வங்கியிலோ அலுவலகத்திலோ கடையிலோ வேலை பார்க்கிற நம் பிள்ளைகள், காப்பாளரிடம் முன்னதாகச் சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணிநேரம் பக்கத்து விடுதிக்குப் போகலாம். சனிக்கிழமைக்குள் ஆயிரம் ரூபாய்க்குச் சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ரூபாய் நாணயமும் பத்து ரூபாய்த் தாளும்தான் நிறைய வேண்டியிருக்கும். திரும்பும்போது எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளே எண்ணிக் கொடுப்பார்கள்.