பூட்டப்பட்ட அறையும் மடங்கும் விரல்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் தீக்காயம் பட்ட குழந்தைகளுக்கென இயங்கிவந்த இயன்முறை சிகிச்சை அறை, முன்னறிவிப்பு ஏதுமின்றிச் சென்ற மாதம் பூட்டப்பட்டு, உடைந்த கட்டில்களையும் பழைய கோப்புகளையும் அடுக்கிவைக்கும் கிடங்காக்கப்பட்டிருப்பது பெருங்கொடுமை. கொதிக்கும் குழம்பு கொட்டி வலக்கை வெந்த ஆறு வயதுச் சிறுமியும், அன்றைய கூலியை இழந்து இரண்டு பேருந்து மாறி அவளை அழைத்துவந்த தாயும், “புண்தான் ஆறிவிட்டதே, இன்னும் எதற்கு வருகிறீர்கள்?” என்ற கேள்வியோடு வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டுள்ளனர்.

மருத்துவமனைக்குள்ளிருந்தே இக்கேள்வி எழுந்திருப்பது வெட்கக்கேடு. ஆழமாக வெந்த தோல் ஆறிய பின்னும், தழும்பு மாதக்கணக்கில் தடித்துச் சுருங்கி, அடியிலுள்ள மூட்டை மடங்கிய நிலையிலேயே இழுத்துப் பிடித்துவிடும். தழும்பு இறுக்கம் எனப்படும் இந்நிலையைத் தடுக்கவே, விரல்களை நீட்டி மடக்கும் அன்றாடப் பயிற்சியும், இரவில் அவற்றை நேராக நிறுத்தும் சிம்பும், உடலளவுக்குத் தைத்து, குளிக்கும் நேரம் போன்ற சிறு இடைவெளி தவிர நாள் முழுவதும் ஓராண்டு வரையோ அதற்கு மேலுமோ அணிய வேண்டிய அழுத்த ஆடையும் தேவைப்படுகின்றன. குழந்தையின் எலும்பு வளரும் வேகத்துக்குத் தழும்பு நீண்டு கொடுக்காது என்பதால், பெரியவர்களைக் காட்டிலும் குழந்தைகளுக்கே இக்கண்காணிப்பு நீண்ட காலம் வேண்டும்.

இடப் பற்றாக்குறை என்று நிர்வாகம் கூறும் காரணம் ஏற்கத்தக்கதன்று. கட்டிலுக்குக் கிடைத்த இடம் குழந்தைக்கு இல்லாமற்போக நியாயமில்லை. சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு உள்ளதே என்ற பதிலும், வாரந்தோறும் சென்னைக்குச் சென்றுவர இயலாத கூலித் தொழிலாளிக்கு உதவாது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீவிபத்து 94 குழந்தைகளைப் பலிகொண்ட பின், பள்ளிகளின் கூரைக் கொட்டகைகளை அகற்ற அரசு காட்டிய வேகம், தீயிலிருந்து உயிரோடு மீளும் குழந்தைகளின் எஞ்சிய வாழ்நாளைக் காப்பதில் அதிகாரிகளுக்கு இன்றுவரை வரவில்லை. உயிர் பிழைத்தவுடன் கணக்கு முடிந்ததாகக் கருதும் மனப்போக்கே இந்த அறையையும் பூட்டியிருக்கிறது.

சுகாதாரத் துறை அந்த அறையை இந்த வாரமே திறந்து, பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரை அங்கு அமர்த்த வேண்டும். அச்சிறுமியின் மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளங்கையை நோக்கி மடங்கத் தொடங்கிவிட்டன.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்