டிராக்டருக்கும் இடம் கொடுங்கள்: மலாக்கா முதலமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மலாக்கா மாநில முதலமைச்சர் அவர்களுக்கு,

இருட்டும் நேரத்தில் ஜாசினிலிருந்து அசகான், நியாலாஸ் பக்கம் கார் ஓட்டிப் போகிறவர்களுக்கு இது தெரியும். வளைவு திரும்பியதும் எதிர்பாராமல் முன்னால் நிற்கும், செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர். பின்விளக்கு இருக்கும், செம்மண் அப்பிக் கிடப்பதால் கிட்டப் போனால்தான் சிவப்பு தெரியும்.

மாநிலச் சாலையில் 90 கிலோமீட்டர் வேகம் வரை சட்டமே அனுமதிக்கிறது. பாரம் ஏற்றிய டிராக்டர் 25-ஐத் தாண்டினால் பெரிது. 100 மீட்டர் தள்ளி அதைப் பார்த்தாலும், வேகம் குறைக்காவிட்டால் ஐந்தரை வினாடியில் அதன்மேல் மோதிவிடுவோம். எதிரே லோரி வந்தால் ஒதுங்க வழியில்லை. தார் முடிகிற இடத்திலேயே புல்லும் கால்வாயும் தொடங்கிவிடுகின்றன.

“மெதுவாகப் போகிறவன் எதற்கு ரோட்டுக்கு வருகிறான்?” என்று ஹாரன் அடிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெய் தரம் கெடும். தோட்டம் சாலையின் இருபக்கமும் கிடக்கிறது, ஆலையோ வேறெங்கோ இருக்கிறது. அவன் வேறு எந்த வழியில் போவான்? பக்கப்பெட்டி பூட்டிய மோட்டாரில் புல்லுக்கட்டு ஏற்றி வரும் பெரியவருக்கும், சைக்கிளில் தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் அதே சாலைதான். 1967-இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூருக்கு நடந்தே புறப்பட்ட மண் இது. அவர்கள் வழிவந்தவர்களுக்கு இன்று சாலையோரத்தில் நடக்கக்கூட இடமில்லை.

தோட்ட வாசல்களுக்கு முன்னும் பின்னும் சாலையோரத்தை ஒன்றரை மீட்டராவது தார் போட்டு அகலப்படுத்துங்கள். டிராக்டர் ஒதுங்கி வழிவிடும். மோட்டாரும் சைக்கிளும் பயமின்றிப் போகும். கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார்களுக்குத் தனிப்பாதை கண்ட நாடு நம்முடையது. சாலையில் உயிர்விடுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டாரில் போனவர்கள் என்பது தாங்கள் அறியாததல்ல.

இன்னொன்றுக்குச் செலவு மிகக் குறைவு. 1960களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெதுவண்டிகளுக்கென ஒரு முக்கோணத் தகடு உருவாக்கினார்கள். பகலில் நடுவிலுள்ள ஆரஞ்சு நிறம் பளிச்சென்று தெரியும். இரவில் வெளிச்சம் பட்டதும் சிவப்பு ஓரம் மின்னும். பல்பும் வேண்டாம், வயரும் வேண்டாம்; மண் ஒட்டினால் துணியால் துடைத்தால் போதும். வாகனச் சட்டம் கூட்டரசின் கையில் இருப்பது உண்மைதான். ஆனால் நிலம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. சாலையில் இறங்கும் ஒவ்வோர் இழுவைப்பெட்டியிலும் அந்தத் தகட்டை மாட்டவும், வலை போட்டு மூடவும் தோட்ட நிர்வாகங்களைத் தாங்கள் கேட்டால் மறுக்கமாட்டார்கள். வலை ஏன் என்றால், சிந்திக் கிடக்கும் உதிரிப்பழத்தில் தூறல் நேரத்தில் மோட்டார் சக்கரம் ஏறினால் வழுக்கி விழ வேண்டியதுதான்.

அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் ஜாசின்–அசகான் சாலைக்கு முதலில் ஒதுக்கீடு செய்யுங்கள். தெபோங், காடேக் பக்கத்துச் சாலைகளை அதற்கடுத்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஜாசின் மாவட்டத் தோட்டப்புறவாசி