எம்.பி.க்கு ஆறாண்டுத் தடை; காவலாளிக்கோ ஆயுள் தடை!

புதுதில்லி: தண்டனை பெற்ற அரசியல்வாதிகள் தேர்தலில் போட்டியிட ஆயுள் முழுவதும் தடை விதிக்க வேண்டும் என்று கோரும் பொதுநல மனுவுக்குப் பதில் அளித்து, மத்திய அரசு 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. தகுதிநீக்கம் எத்தனை ஆண்டுகள் என்பதை முடிவு செய்யும் உரிமை நாடாளுமன்றத்துக்கே உண்டு, நீதிமன்றத்துக்கு அல்ல என்பது அதன் முதல் வாதம். விவாதமெல்லாம் அதைச் சுற்றியே நடந்தது. இரண்டாவது வாதத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. உண்மையில் அதுதான் கவனிக்கத்தக்கது.

தண்டனையின் பின்விளைவுகளைப் பொருத்தமான ஒரு கால அளவோடு நிறுத்திக் கொண்டால், தவறு செய்வோருக்கு அச்சமும் இருக்கும். தேவையற்ற கடுமையும் தவிர்க்கப்படும் என்று அரசு கூறியது. இதில் குறை சொல்ல ஏதுமில்லை. தண்டனையை அனுபவித்து முடித்த ஒருவரை எத்தனை காலம்தான் தண்டித்துக் கொண்டிருப்பது என்ற நியாயமான கேள்வியே அதன் அடிப்படை. ஆனால், இதே அரசின் இதே நியாயம் மக்கள் பிரதிநிதிகளைத் தாண்டி, காவலர் வேலைக்கு மனுப் போடும் இளைஞனையோ, அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நிற்கும் காவலாளியையோ எட்டுவதில்லை.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-ன் 8-வது பிரிவின்படி, இரண்டாண்டுகளோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர், விடுதலையான நாளிலிருந்து ஆறு ஆண்டுகள் வரை போட்டியிட முடியாது. அதன் பிறகு முடியும். ஊழல் தடுப்புச் சட்டம் போன்ற சில சட்டங்களின் கீழ் தண்டிக்கப்பட்டால் தண்டனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தடை உண்டு. ஆனால் அங்கும் ஆறு ஆண்டுகள்தாம் எல்லை. அந்த ஆறு ஆண்டுகளையும் குறைக்கவோ நீக்கவோ 11-வது பிரிவு தேர்தல் ஆணையத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. இது ஏட்டளவில் கிடக்கும் அதிகாரம் அல்ல. ஊழல் வழக்கில் ஓராண்டு சிறைத் தண்டனை அனுபவித்து 2018 ஆகஸ்டில் விடுதலையான பிரேம் சிங் தமாங், 2019 மே மாதம் சிக்கிம் முதல்வராகப் பதவியேற்றார். சட்டமன்ற உறுப்பினராக அவர் போட்டியிட வழி இல்லாமல் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தேர்தல் ஆணையம் அவரது ஆறாண்டுத் தடையை 13 மாதங்களாகக் குறைத்தது. இடைத்தேர்தலில் அவர் வென்றார்.

கம்பெனி இயக்குநர்களுக்கும் இப்படியொரு எல்லை உண்டு. கம்பெனிகள் சட்டம், 2013-ன் 164-வது பிரிவின்படி, ஆறு மாதங்களோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர், தண்டனைக் காலம் முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்தால் மீண்டும் இயக்குநர் ஆகலாம். ஏழாண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவருக்கு மட்டுமே கதவு நிரந்தரமாக மூடப்படுகிறது. கடவுச்சீட்டுச் சட்டம், 1967-ம் இவ்வகையில் பின்தங்கவில்லை. ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக இரண்டாண்டுகளுக்குக் குறையாத சிறைத் தண்டனை பெற்றவராக இருந்தாலும், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் அது விதிக்கப்பட்டதா என்று மட்டுமே அச்சட்டம் பார்க்கிறது.

இவற்றின் அருகே தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005-ஐ வைத்துப் பார்க்க வேண்டும். நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்ட எவரையும் காவலாளியாகவோ மேற்பார்வையாளராகவோ நியமிக்கக் கூடாது என்கிறது அதன் 10-வது பிரிவு. என்ன குற்றம், எத்தனை மாதத் தண்டனை, எத்தனை ஆண்டுகளுக்கு முன்பு என்ற கேள்வி எதுவும் அதில் இல்லை. ஆக, ஓராண்டு சிறையில் இருந்துவிட்டு வந்தவர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஒரு நிறுவனத்தின் இயக்குநராகலாம். அதே நிறுவனத்தின் வாசலில் காக்கிச் சட்டை அணிந்து நிற்க மட்டும் ஆயுள் முழுவதும் தகுதியற்றவர். இந்த இரண்டு சட்டங்களையும் இயற்றியது ஒரே நாடாளுமன்றம்தான்.

விடுதலையானவருக்கும் விடுதலை இல்லை: தண்டனை பெற்றவர்களின் நிலை இதுவென்றால், தண்டனையே பெறாதவர்களின் நிலையும் அதிக வேறுபாடு உடையதல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டு சிறைப் புள்ளிவிவரப்படி, நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூவர் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். இவர்களில் வழக்கிலிருந்து விடுபடுவோரையும் வாழ்நாள் முழுவதும் தொடர்வது ஒரு படிவம். மத்திய அரசுப் பணியில் சேருவோர் நிரப்பித் தர வேண்டிய சான்றுறுதிப் படிவத்தில், 'எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, எப்போதாவது வழக்குத் தொடரப்பட்டதா, எப்போதாவது அபராதம் விதிக்கப்பட்டதா' என்று வரிசையாகக் கேள்விகள் உள்ளன. 'ஆம்' என்று எழுதினால் வேலை கிடைப்பது அரிது. 'இல்லை' என்று எழுதி, பின்னர் காவல்துறைச் சரிபார்ப்பில் தெரிய வந்தால், உண்மையை மறைத்த குற்றத்துக்காக வேலை போகும்.

தில்லி போலீஸில் அலுவலகப் பிரிவுத் தலைமைக் காவலர் பணிக்கு 1999-ல் விண்ணப்பித்த ஒரு இளைஞருக்கு நேர்ந்தது இதுவே. ஒரு அடிதடி வழக்கில் குடும்பத்தினருடன் அவரும் சேர்க்கப்பட்டிருந்தார். சமரசம் ஏற்பட்டு 1998-லேயே அனைவரும் விடுவிக்கப்பட்டனர். படிவத்தில் அதை அவர் குறிப்பிடவில்லை, தேர்வு ரத்தானது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2011 மார்ச்சில்தான் முடிவுக்கு வந்தது. இளம் வயதில் செய்யும் தவறுகளை ஆயுள் முழுவதும் முத்திரையாகக் குத்தக் கூடாது என்று கூறிய நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு தலைமையிலான அமர்வு, ரொட்டி திருடியதற்காகத் திருடன் என்ற பட்டத்தைச் சுமந்து திரிந்த விக்டர் ஹியூகோவின் ஜீன் வல்ஜீன் கதாபாத்திரத்தையும் நினைவுகூர்ந்தது.

அந்த இரக்கம் நீண்ட காலம் நீடிக்கவில்லை. 2013 ஜூலையில் அதே தில்லி போலீஸ் தொடர்பான மற்றொரு வழக்கில், சமரசத்தாலோ சாட்சிகள் பல்டி அடித்ததாலோ கிடைக்கும் விடுதலை 'கௌரவமான விடுதலை' ஆகாது. அப்படிப்பட்டவரை நிராகரிக்கத் தேர்வுக் குழுவுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முரண்பட்ட தீர்ப்புகளின் சிக்கலைத் தீர்க்க 2016 ஜூலை 21 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு வழிகாட்டு நெறிகளை வகுத்தது. இள வயதில் கோஷம் போட்டது போன்ற அற்பக் குற்றங்களை மறைத்திருந்தால் அதிகாரி அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். படிவத்தின் கேள்விகள் தெளிவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வழக்கின் சூழ்நிலையையும் ஆராய வேண்டும் என்றெல்லாம் அது கூறியது. அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது: எல்லாவற்றையும் உள்ளபடி தெரிவித்தவரையும் வேலையில் சேர்த்தே தீர வேண்டும் என்று அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது. 'விடலாம்' என்ற சொல்லில்தான் சிக்கல். பின்னாளில் விசாரணைக்கு ஆளாக விரும்பாத எந்த அதிகாரியும், விடலாம் என்று இருப்பதால் விட்டுவிடுவதில்லை.

உத்தரப் பிரதேசத்தில் 2004-ம் ஆண்டு ஆள்சேர்ப்பில் தேர்வான ஒரு காவலரின் வழக்கு இதற்கு அத்தாட்சி. விடுதலையில் முடிந்துவிட்ட ஒரு வழக்கைக் குறிப்பிடாததால் அவர் வேலை இழந்தார். ஊராரும் உள்ளூர்க் காவல் நிலையமும் அவர் நன்னடத்தைக்குச் சான்றளித்திருந்தனர். மறைப்பு என்றாலே தகுதியின்மை என்று எல்லோருக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்துவது நியாயமல்ல என்று கூறி உச்ச நீதிமன்றம் அவருக்கு நிவாரணம் அளித்தது 2024 பிப்ரவரியில். நீதி கிடைத்தது, இளமை திரும்பவில்லை.

தமிழகம் இந்த விஷயத்தில் தில்லியைவிடத் தாராளமானது என்று எண்ணிவிட வேண்டாம். சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கப்பட்டவரும் கிரிமினல் வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார் என்று தமிழகக் காவல் சார்நிலைப் பணி விதிகளின் விளக்கக் குறிப்பே கூறுகிறது. அதைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-ல் ஏற்றுக் கொண்டது. 'நிரூபிக்கப்படும் வரை நிரபராதி' என்ற கோட்பாடு நீதிமன்ற வாசலோடு நின்றுவிடுகிறது.

காவல்துறையின் வாதத்தை அப்படியே ஒதுக்கிவிடவும் முடியாது. சாட்சிகள் மிரட்டப்படுவதும், பணம் கொடுத்துச் சமரசம் செய்வதும் நம் நாட்டில் அன்றாடம் நடப்பவை. துப்பாக்கியும் கைது செய்யும் அதிகாரமும் தரப்படும் பணிக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவரைப் பள்ளிக்கூட வேலைக்கு அனுமதிக்க வேண்டும் என்று எவரும் கேட்க மாட்டார்கள். ஆனால், இந்த எச்சரிக்கையை ஓட்டுநர், எழுத்தர், கடைநிலை ஊழியர், காவலாளி என எல்லாப் பணிகளுக்கும் ஒரே சீராக நீட்டுவதற்குக் காரணம் எதுவும் கூறப்படுவதில்லை.

நாடாளுமன்றம் ஒருமுறை மாற்று வழியில் யோசித்ததுண்டு. குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958, சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்க வழி செய்தது. அப்படி விடுவிக்கப்பட்டவரை, தண்டனைத் தீர்ப்பால் வரும் எந்தத் தகுதிநீக்கமும் பாதிக்காது என்று அதன் 12-வது பிரிவு தெளிவாகக் கூறுகிறது. ஆனால், தீர்ப்பு அழிவதில்லை, தண்டனைக்கு மாற்றுதான் கிடைக்கிறது என்று தெற்கு ரயில்வே ஊழியர் வழக்கில் 1975-ல் உச்ச நீதிமன்றம் விளக்கமளித்தது. துறை நடவடிக்கைக்கு அந்தப் பிரிவு தடையில்லை என்றாயிற்று. சிறார் நீதிச் சட்டம், 2015-ன் 24-வது பிரிவு மட்டுமே துணிச்சலானது. குற்றம் இழைத்த சிறுவருக்கு அதனால் தகுதிக் குறைவு ஏற்படாது என்பதோடு, உரிய காலத்துக்குப் பின் ஆவணங்களையே அழித்துவிட வேண்டும் என்கிறது அது. கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல் விசாரிக்கப்படும் 16 வயதைக் கடந்தவர்கள் மட்டும் விதிவிலக்கு. பதினேழு வயதில் திருடியவனின் ஏடு எரிக்கப்படுகிறது. பத்தொன்பது வயதில் திருடியவனுடையது அறுபது வயதிலும் புரட்டப்படுகிறது.

கணினித் திரையில் அழியாத ஏடு: ஏட்டை எரித்தாலும் இப்போது போதாது. மின்-நீதிமன்ற இணையதளத்தில் பெயரைத் தட்டினால் வழக்கு விவரம் வந்து விழுகிறது. வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒருவர், தன் பெயர் இணையதளத்தில் உள்ள தீர்ப்பில் தொடர்வதால் பாதிப்பு என்று தொடர்ந்த வழக்கில், தீர்ப்பை நீக்குமாறு 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு உத்தரவிட்டது. நீதிமன்றத் தீர்ப்பு பொது ஆவணம் என்ற கேள்வி எழ, அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் நிறுத்தி வைத்தது. தீர்ப்புகளை மறைப்பது சரியான தீர்வா என்பது விவாதத்துக்குரியதே. பழைய வழக்கு யார் கண்ணில் படுகிறது என்பதைவிட, அதைக் காரணம் காட்டி வேலையை மறுக்கச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதே அடிப்படைப் பிரச்னை.

பிரிட்டன் 1974-லேயே இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. தண்டனையின் அளவுக்கேற்ப ஒரு காலம். அதற்குள் வேறு குற்றம் செய்யாவிட்டால், பழைய தண்டனை பெரும்பாலான வேலைகளுக்குக் கணக்கில் வராது. குழந்தைகளுடன் பழகும் பணி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. இந்தியாவில் இதற்கு நிகரான பொதுச் சட்டம் இல்லை. 2023-ல் மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சிறைச் சட்டம் விடுதலையானோரின் மறுவாழ்வு பற்றிப் பேசுகிறது. சிறை மாநிலப் பட்டியலில் இருப்பதால் ஏற்பதும் விடுவதும் மாநிலங்களின் விருப்பம். தமிழகச் சிறைத்துறை பெட்ரோல் பங்க் நடத்துகிறது. கைதிகள் அங்கு வாடிக்கையாளர்களிடம் பணம் வாங்கிப் பெட்டியில் போடுகிறார்கள். கைதியாக இருக்கும்போது அவரை நம்பிப் பணப்பெட்டியைக் கொடுக்கும் அரசு, விடுதலையான மறுநாள் காவல்துறைச் சான்றிதழ் கேட்கிறது.

இதே 2023-ல் 'ஜன் விஸ்வாஸ்' சட்டத்தின் மூலம் 42 சட்டங்களின் 183 பிரிவுகளில் இருந்த குற்றத் தன்மையை நாடாளுமன்றம் தளர்த்தியது. தொழில் நடத்துவோர் சிறு தவறுகளுக்காகக் குற்றவாளி என்ற பெயர் சுமக்கக் கூடாது என்று அரசு கூறிய காரணம் அவையில் எடுபட்டது. அதை வேலை தேடுவோருக்கும் பொருத்திப் பார்க்க முன்வருவோர்தான் இல்லை. 2024-ல் தேர்வான மக்களவை உறுப்பினர்களில் 251 பேர் தங்கள் மீது கிரிமினல் வழக்குகள் உள்ளதாக வேட்புமனுவில் தெரிவித்தவர்கள் என்கிறது ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம். நிலுவையில் உள்ள வழக்கைக் குறிப்பிட்டதற்காக வேட்புமனு தள்ளுபடியாவதில்லை. இந்த 251 பேரில் எவரும் இதே தகவலைக் காவலர் தேர்வுப் படிவத்தில் எழுதியிருந்தால் கதை வேறு.

ஆயுள் தடை கோரும் வழக்கில், 2025 பிப்ரவரி 10 அன்று நீதிபதிகள் தீபாங்கர் தத்தா, மன்மோகன் அமர்வும் இந்த ஏற்றத்தாழ்வைத் தொட்டது. தண்டிக்கப்பட்ட அரசு ஊழியர் பணியில் நீடிக்க முடியாதபோது, தண்டிக்கப்பட்டவர் அமைச்சராக மட்டும் எப்படித் திரும்ப முடியும் என்ற பொருளில் கேள்வி எழுந்தது. மனுதாரர் தரப்பு விரும்புவது, ஊழியருக்கு உள்ள கடுமையை எம்.பி.க்கும் பொருத்துவது. எம்.பி.க்கு உள்ள கால வரம்பை ஊழியருக்கும் பொருத்தலாமே என்று கேட்க அந்த வழக்கில் எவரும் கட்சிக்காரர் இல்லை.

கால வரம்புக்குத் தனிச் சட்டம் வேண்டுமானால் மசோதா, நிலைக்குழு, விவாதம் என்று ஆண்டுகள் ஆகும். 2005-ம் ஆண்டுச் சட்டத்தின் 10-வது பிரிவைத் திருத்தவும் நாடாளுமன்றம்தான் கூட வேண்டும். சான்றுறுதிப் படிவத்தின் 'எப்போதாவது' என்ற சொல்லை எடுத்துவிட்டுக் 'கடந்த ஐந்து ஆண்டுகளில்' என்று மாற்ற அவ்வளவு தேவையில்லை. பிரதமரின் பொறுப்பில் இயங்கும் பணியாளர் நலன், பயிற்சித் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.